பொட்டு இல்லாத மதில்

2018ஆம் ஆண்டு சித்திரையில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட காணிகளுள் எங்கள் ஐயாவின் 24 பரப்பும் (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) இருந்தது. 1990 ஆனியில் உடுத்த உடையோடு அந்த வளவை விட்டு வெளியேறியபோது எனக்கு வயது 32. திரும்பிப் போய் எல்லைக்கல்லைத் தேடியபோது 60. அந்த ஆண்டுதான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஐயாவும் அம்மாவும் காணி திரும்பக் கிடைத்ததைக் காணாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள், தம்பிமார் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். ஆகவே காணியைத் துப்புரவாக்குவது, எல்லை போடுவது, ஒரு சிறு வீடு கட்டுவது எல்லாம் என் ஒருத்தியின் தலையில் விழுந்தன. அடுத்த நான்கு ஆண்டுகளில் நான் செய்த பிழைகளையும், அவற்றுக்காக நான் இழந்த பணத்தையும், என் கையால் அழிந்துபோன உயிர்களையும் இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். இன்றும் எங்கள் பக்கத்தில் அடிக்கடி ஒரு காணி பெக்கோ என்னும் மண்வாரும் இயந்திரத்தால் வழித்தெடுக்கப்படுகிறது. அந்தக் காணிக்காரருக்கும், எனக்கு நேர்ந்ததுபோலவே, ஒருவரும் முன்கூட்டி எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதல் நாள் கண்டது என்னவென்று சொல்கிறேன். ஐயா கட்டிய கல்வீட்டில் அத்திவாரமும் படிக்கட்டும் மட்டும் மிஞ்சியிருந்தன. அதைச் சுற்றி அறுபதுக்கு மேற்பட்ட பனைகள் நின்றன, அவற்றுள் ஒன்பது ஷெல் பட்டு, வட்டு என்னும் ஓலைத்தலையை இழந்து வெறும் கம்பமாக நின்றன. பனைகளுக்குக் கீழே இடுப்பளவு புல் வளர்ந்திருந்தது. புல்லுக்கு நடுவே இடையிடையே இலந்தை, சூரை, காரை, ஈஞ்சு என்று முட்பற்றைகளும், ஒரு மூலையில் கிழ விளாத்தி ஒன்றும், எங்கும் வடலிகளும் இருந்தன. எனக்குப் பயம்தான் முதலில் வந்தது. 28 ஆண்டுகள் மனிதக் கால் படாத இடம், பாம்பு இல்லாமல் இருக்குமா என்று நினைத்தேன். அதை நான் பாழ்பட்ட வளவாக மட்டுமே பார்த்தேன். பயிரும் வீடும் பிடிக்காத எங்கள் குடாநாட்டு நிலம் இயல்பில் எப்படி இருக்குமோ, அந்த உருவத்துக்கு அந்தக் காணி திரும்பியிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய செம்மண் படிந்த நிலத்தில், வெயில் உள்ளே இறங்கும்படி தள்ளித் தள்ளி நிற்கும் பனைகளும் கீழே புல்லும் முட்பற்றையுமாக இருப்பதே அதன் சொந்தக் கோலம். இன்று அந்தக் கோலம் சுடலை ஓரத்திலும், வைரவர் கோயில் வளவிலும், புகையிரதப் பாதையின் கரையிலும், உரியவர் வராத காணிகளிலும் துண்டு துண்டாகவே மிஞ்சியிருக்கிறது.

அயலவர்களும் உறவினர்களும் சொன்னது ஒன்றேதான். பெரிய தம்பி தொலைபேசியில், "அக்கா, காடாக விட்டால் ஆரும் பிடிச்சிடுவாங்கள், உடனே துப்புரவாக்கி மதிலைக் கட்டுங்கோ" என்றான். பக்கத்துக் காணிக்கு வந்திருந்த மாமி, "பிள்ளை, ஒரு தீக்குச்சி போதும்" என்றார். ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன். மிதிவெடி அகற்றப்பட்டு அந்தப் பகுதி பாதுகாப்பானதென உறுதிப்படுத்தப்பட்டுள்ளதா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டறிந்த பிறகுதான் உள்ளே ஆள் விட்டேன். விடுவிக்கப்பட்ட காணிக்குள் போகும் எவரும் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும், மண்ணுக்குள் சந்தேகமான உலோகத்தைக் கண்டால் தொடாமல் வெளியே வந்து அறிவிக்க வேண்டும். அதன் பிறகு நான் செய்தவை எல்லாம் பிழை.

ஆனி மாதத்தில் ஒரு பெக்கோவை மணிக்கு 3,500 ரூபாய்க்குப் பேசினேன். 11 மணித்தியாலம் ஓடியது. காணியின் தெற்குப் பாதி, அதாவது ஏறத்தாழ 12 பரப்பு, இரண்டு நாளில் உள்ளங்கைபோல் ஆனது. முதல் நாள் மத்தியானம் இயந்திரம் நின்றிருந்த நேரத்தில் நான் அதன் சில்லுத் தடத்தின் வழியே நடந்து போனேன். பிடுங்கப்படாமல் தப்பியிருந்த ஒரு புற்குத்தின் அடியில், கை அகலப் பள்ளத்தில், காய்ந்த புல் பரப்பிய படுக்கை இருந்தது. அதில் வெளிறிய பால்தேநீர் நிறத்தில் ஏழு முட்டைகள் இருந்தன. சில்லுத் தடம் அந்தப் பள்ளத்தின் விளிம்பைத் தொட்டுப் போயிருந்தது, இரண்டு முட்டைகள் நசுங்கி, மஞ்சள்கரு மண்ணோடு சேர்ந்து உறைந்திருந்தது, ஐந்து முழுதாக இருந்தன. சற்றுத் தள்ளி வெட்டவெளியில் ஒரு கவுதாரி நின்று என்னைப் பார்த்துக் கொண்டிருந்தது. பறக்கவில்லை. நான் விலகி நின்று அரை மணித்தியாலம் காத்திருந்தும் அது கூட்டுக்குத் திரும்பவில்லை. மறைப்பே இல்லாத இடத்தில் ஒரு பறவை எப்படி அடைகாக்கும்? அன்று மாலை காகங்கள் அந்த ஐந்தையும் கொத்திவிட்டன. நான் சாப்பிடாமல் படுத்தேன். ஆனாலும் மறுநாள் காலை பெக்கோவை நிறுத்தச் சொல்லவில்லை. பேசிய கூலி, வந்து நிற்கும் இயந்திரம், ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் ஆகிய மூன்றுமே என் வாயை அடைத்தன. இதைப் படிப்பவர்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரும். நிறுத்துங்கள் என்று சொன்னால் அதிகபட்சம் அரைநாள் கூலிதான் நட்டம்.

மறுநாள்தான் வட்டிழந்த பனைகளில் மூன்று விழுந்தன. உயிருள்ள பனையைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், பட்டுப்போன பனையைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. அது இடைஞ்சல், இல்லாவிட்டால் விறகு என்று மட்டும் பார்க்கிறோம். ஒரு பனை விழுந்து பிளந்தபோது அதன் உட்பொந்திலிருந்து இறகு முளைக்காத கிளிக்குஞ்சுகள் நான்கு மண்ணில் உருண்டன. நீலச் செட்டையுள்ள பனங்காடை ஒன்று மூன்று நாட்கள் அந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. கிளி, பனங்காடை, கூகை முதலிய பறவைகளால் தாமாக மரத்தைக் குடைந்து வீடு செய்ய முடியாது. உள்சோறு உக்கிக் கோறையான பட்ட மரம்தான் அவற்றுக்கு வீடு. போர் எங்கள் பனைகளின் தலையைக் கொய்தது, அந்த முண்டங்களில் பறவைகள் குடியேறின, நான் வந்து அவற்றையும் சாய்த்தேன். வீட்டின் மேலோ வீதியின் மேலோ விழக்கூடிய பட்ட மரத்தை அகற்றத்தான் வேண்டும். நடு வளவில் நிற்பதை விட்டுவிடுங்கள். அது தானாக விழ இன்னும் பல ஆண்டுகள் செல்லும்.

பிடுங்கிய பற்றைகளைக் குவித்து ஆடியில் எரித்தது அடுத்த பிழை. சோளகக் காற்று வீசும் மாதத்தில் நெருப்பு வைப்பவருக்கு அறிவு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், அந்த அறிவு அன்று எனக்கு இருக்கவில்லை. தீ வடக்குப் பாதிக்குள் தாவி மூன்று பரப்புப் புல்லை விழுங்கியது. அயலவர்கள் பச்சை ஓலையால் அடித்து அணைத்தார்கள். சாம்பலுக்குள் விசிறித் தொண்டை ஓணான்கள் பலவும் ஒரு முயல்குட்டியும் கருகிக் கிடந்தன. மூன்று மாதங்கள் கழித்து மழை வரத்தான் போகிறது, பற்றையை ஓரமாகக் குவித்து விட்டாலே அது உக்கி மண்ணாகும், அதுவரை கீரிக்கும் ஓணானுக்கும் ஒதுங்க இடமாகும்.

அந்த ஆவணியில் வேலிக்காக ஓலை வெட்டுவித்தேன். அண்ணை ஒருவர் ஒரே நாளில் பத்துப் பனைகளின் காவோலையையும் பச்சையோலையையும் வழித்து இறக்கினார். கீழே விழுந்த ஓலை ஒன்றைப் புரட்டியபோது அதன் மடிப்பில் இறகும் பஞ்சும் சேர்த்து ஒட்டிய ஒரு சிறு திட்டைக் கண்டேன், பெருவிரல் நகம் இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். அதன் மேல் இரண்டு வெள்ளை முட்டைகள் இருந்தன. அத்தனை உயரத்திலிருந்து விழுந்தும் அவை உருளவில்லை. தொட்டுப் பார்த்தேன், ஒட்டியிருந்தன. "ரீச்சர், இது பனை உழவாரன்ரை கூடு, தன்ரை எச்சிலாலை கூட்டையும் ஒட்டி முட்டையையும் ஒட்டி வைக்கும்" என்றார் அண்ணை. சோளகக் காற்றில் ஓலை எப்படி ஆடினாலும் முட்டை விழாது. நாற்பது ஆண்டுகள் பனைகளுக்குக் கீழே வாழ்ந்தவள், மாலையில் பனை வட்டைச் சுற்றிக் கீச்சிட்டுப் பறக்கும் அந்தப் பறவையை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது ஓலை வெட்டும்போது ஐந்தில் ஒரு பனையை மட்டும் வெட்டுவிக்கிறேன், தொங்கும் காவோலையை முழுவதும் உரிக்க விடுவதில்லை. அதற்குள் வௌவாலும் தங்கும், வட்டுக்குள் மரநாயும் பகலில் உறங்கும்.

புரட்டாதியில் என்னைப் பார்க்க வந்த பழைய மாணவி ஒருத்தி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள். விடியற்காலை வடக்குப் பாதியின் ஓரத்தில் இரண்டு கதிரைகளைப் போட்டு அமர்ந்தோம். கவுதாரி கூவியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இலங்கையில் அந்தப் பறவை வேறெங்கும் இல்லை, யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மன்னாரிலிருந்து புத்தளம் வரையான வடமேற்கு வறண்ட கரையிலும்தான் உண்டு என்றாள். வாலை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கும் கரிச்சானும், கழுத்தில் கறுப்புக் கோடுள்ள சாம்பல் புறாவும் அப்படித்தான், வடக்கிலும் வடமேற்கிலும் காண்பதுபோலத் தெற்கில் காண முடியாது என்றாள். நாங்கள் நாளும் காண்பதால் பெறுமதி தெரியாமல் இருந்த பறவைகள், நாட்டின் மற்றப் பகுதியினர் தேடிவந்து பார்க்கும் பறவைகள். சுண்டிக்குளமும் நெடுந்தீவும் 2015இல் தேசியப் பூங்காக்களாக்கப்பட்டன என்று நான் சொன்னேன். அவை அங்கே இருக்கட்டும், சுண்டிக்குளத்தில் இருப்பது கடல்நீரேரியும் நீர்ப்பறவையும், ரீச்சரின் வளவில் இருப்பது வேறு, இந்தத் துண்டுகளுக்குக் காவல்காரர் ஒருவரும் இல்லை என்றாள். அவள் போன பின் மிஞ்சிய 12 பரப்பையும் ஒரு 80 பக்கக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். திகதி, நேரம், எந்தப் பற்றை, என்ன செய்தது என்ற நான்கு விவரம் மட்டும். என்னைப்போல் காணிக்குத் திரும்புபவர்கள் ஒரு மாரியும் ஒரு கோடையும் முடியும்வரை இப்படி ஒரு கொப்பி எழுதிவிட்டு, அதன் பின் கத்தியைக் கையில் எடுத்தால், எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று கொப்பியே சொல்லிவிடும்.

வழித்த தெற்குப் பாதி சும்மா கிடக்கும் என்று எண்ணியிருந்தேன். கார்த்திகை மழையில் அது பச்சைப்பசேல் என்று முளைத்தபோது புல் திரும்பிவிட்டதென மகிழ்ந்தேன், கிட்டப் போய்ப் பார்த்தால் அத்தனையும் பாதீனியம். 1987இல் இந்திய அமைதிப்படை வந்தபோது அதன் ஆடுகளோடு வந்து சேர்ந்ததாக எங்கள் ஊரில் சொல்லப்படும் அதே செடி. புல் மூடிய நிலத்தில் அதற்கு இடமில்லை. மண்ணைப் பிளந்து வெறுமையாக்கி வைத்தவள் நான், பெக்கோவின் சில்லிலும் டிப்பரின் தட்டிலும் வந்த மண் விதையைக் கொண்டுவந்திருக்கும். ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். முதல் ஆண்டு அதன் வேகம் அறியாமல் பூத்த பிறகு வெறுங்கையால் பிடுங்கினேன். கை முழுவதும் தடித்துச் சொறிந்தது, இரண்டு வாரம் மூச்சிழுப்புடன் வைத்தியரிடம் அலைந்தேன். இரண்டு ஆண்டுகள் கூலியாள் வைத்துப் பிடுங்கியதில் 72,000 ரூபாய் போனது. அனுபவத்தில் கண்டது இது: மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, வெள்ளைப் பூ காணுமுன், கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பூத்ததை எருக்குழியில் போடக் கூடாது. வேறு காணியில் வேலை செய்துவிட்டு வரும் இயந்திரத்தின் சில்லையும் மண்வெட்டியையும் படலைக்கு வெளியே கழுவிய பின்னரே உள்ளே விட வேண்டும். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் வடக்குப் பாதியில் முற்றிய புல்லை அறுத்துக் கதிரோடு பரப்பினேன். மூன்றாம் மாரியில்தான் அங்கே ஒட்டுப்புல்லும் அறுகும் கால் ஊன்றின.

இடையில் நல்ல மனத்தோடு இன்னொரு பிழை நடந்தது. நான் அழுது சொன்னதைக் கேட்ட சின்னத் தம்பி, அழித்ததற்கு ஈடாக மரம் நடுவோம் என்று பணம் அனுப்பினான். 2019 தையில் மகோகனியும் மலைவேம்பும் தேக்குமாக 180 கன்றுகள் வாங்கி, வெட்டிய பாதியில் மட்டுமல்லாமல் நல்லாக இருந்த வடக்குப் பாதியின் புல்லுக்குள்ளும் நட்டேன். கன்று 120 ரூபாய்ப்படி 21,600, தண்ணீர் இறைப்புக்கும் ஆட்கூலிக்கும் 64,000. குழி வெட்டுவதற்காக ஒவ்வொரு இடத்திலும் நான்கடி வட்டத்துக்குப் புல்லைச் செருக்கி எடுத்தோம். முக்கால்வாசிக் கன்று அந்தக் கோடையில் பட்டுப்போனது. தப்பிப் பிழைத்தவை இரண்டு ஆண்டில் நிழல் கட்டின, நிழல் விழுந்த இடத்தில் புல் மெலிந்தது, புல் மெலிந்த இடத்தில் ஆள்காட்டியும் வானம்பாடியும் நிலத்தில் கூடு வைப்பதை நிறுத்தின. மரம் நட்டவளைப் பார்த்து ஊர் புகழ்ந்தது. கொப்பியில் மட்டும் பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. புல்லில் வாழும் உயிருக்கு மரக்காடு வீடாகாது. ஐயா காலத்துப் பனையும் விளாத்தியும் இலந்தையும் எவ்வளவு தள்ளித் தள்ளி நின்றனவோ அந்த இடைவெளியே அந்த நிலத்துக்குரிய மரக்கணக்கு. 2021இல் வடக்குப் பாதியில் நின்ற 26 மகோகனிகளையும் நானே வெட்டுவித்தேன். தம்பியிடம் அதைச் சொல்ல ஒரு மாதம் எடுத்தது.

மதிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், அதிக பணத்தை விழுங்கியதும் அதிக காலம் எனக்குப் புரியாமல் இருந்ததும் அதுதான். 2019 இறுதியில் வீதிப் பக்கமும் கிழக்குப் பக்கமுமாக 500 அடி நீளத்துக்கு, ஐந்தடி உயரச் சீமெந்துக்கல் மதில் கட்டினேன். அடிக்கு 2,200 ரூபாய்ப்படி 11 இலட்சம் ரூபாய், என் பணிக்கொடையில் பெரும்பங்கு. அடுத்த பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தது. அப்போது அத்திவாரத்தின் மேல் எழுப்பிய இரண்டு அறைகளில் குடியேறியிருந்தேன், படலைக்கு வெளியே போக முடியாததால் நாள் முழுவதும் யன்னலோரம்தான். ஒரு பகல் பெரிய உடும்பு ஒன்று கிழக்கு மதிலை அடைந்தது. அதன் அடியோடு நாக்கை நீட்டி நீட்டி மணம் பார்த்தபடி தெற்கு மூலை வரை நடந்தது, திரும்பி வடக்கு மூலை வரை நடந்தது, மீண்டும் திரும்பியது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்த நடை நீடித்தது. மதிலுக்கு அப்பால் கோயில் காணி, அங்கே பழைய புற்றுகள் இருக்கின்றன. அது எத்தனை ஆண்டுகளாக அந்த வழியே போய் வந்ததோ தெரியாது. அந்த மாதத்திலேயே முயல்களை வடக்கு மூலையில் மட்டும் கண்டேன், கீரியைக் காணவே இல்லை.

சிறு வயதில் எங்கள் வளவைச் சுற்றிக் கிளுவைக் கதியால், அதாவது துளிர்க்கும் தடிகளை நட்ட வேலிதான் இருந்தது, ஆண்டுக்கொருமுறை ஓலை மாற்றி அடைப்போம். அடைத்த மறுவாரமே கீரியும் நாயும் கோழியும் வேலியடியில் ஒரு பொட்டு, அதாவது நுழைந்து போகும் ஓட்டை, வைத்துவிடும், அம்மா திட்டுவார், ஐயா சில பொட்டுகளை அடைக்காமலே விடுவார். அந்தப் பொட்டுகளால்தான் ஊரின் சிறு உயிர்கள் ஒரு வளவிலிருந்து மற்ற வளவுக்கு நடமாடின. 12 பரப்பு ஓர் உடும்புக்குப் போதாது, முயற்கூட்டம் ஒன்றுக்குப் போதாது. பக்கத்துக் கோயில் காணி, அதற்கடுத்த சுடலை, அப்பால் புகையிரதப் பாதை ஓரம் என்று பல துண்டுகளைச் சேர்த்துத்தான் அவை வாழ்கின்றன. மதில் எழுந்தால் ஒவ்வொரு துண்டும் தனித் தீவு. ஒரு தீவில் தீயோ நாயோ புகுந்து அழித்துவிட்டால் மறுபடி வந்து குடியேற ஒரு வழியும் கிடையாது. 2021 மாசியில் மேசன் ஒருவரைக் கொண்டு மதிலின் அடியில், நிலமட்டத்தில், ஓரடி அகலம் ஓரடி உயரத்தில் 14 பொட்டுகள் வெட்டுவித்தேன். 28,000 ரூபாய். கட்டும்போதே ஒவ்வொரு இடத்தில் ஒரு கல்லை வைக்காமல் விட்டிருந்தால் ஒரு சதமும் செலவில்லை, கல்லும் மிச்சம். நாய் புகும் என்று பயந்தால் நடுவில் ஒரு கம்பியை நிறுத்தலாம், முயலும் உடும்பும் நுழையும், பெரிய நாய் நுழையாது. மதிலே இன்னும் கட்டாதவர்கள் கதியால் வேலியையே யோசித்துப் பாருங்கள். கிளுவையும் பூவரசும் நட்ட வேலி எனக்கு மதிலுக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்திருக்கும்.

கைவிடப்பட்ட கிணறுகளையும் மறக்கக் கூடாது. எங்கள் காணியில் துலாக்கிணறு ஒன்று கட்டு இடிந்து நிலமட்டத்தில் வாய் திறந்து கிடந்தது. 2020 ஆவணியில் தண்ணீர் நாறியபோதுதான் எட்டிப் பார்த்தேன். இரண்டு முயல்களும் ஒரு மரநாயும் ஊறிப்போய் மிதந்தன. கோடையில் புல்லிலும் பனியிலும் கிடைக்கும் ஈரம் வற்றியதும் விலங்குகள் நீரின் மணம் பிடித்து வருகின்றன, வழுக்கி விழுந்தால் ஏற வழியில்லை. கட்டு எழுப்ப வசதியில்லாவிட்டால் கம்பி வலையால் மூடுங்கள், அதுவரைக்கும் ஒரு பனந்துலாவைச் சாய்த்து உள்ளே இறக்கி வையுங்கள், விழுந்தது பற்றி ஏறும். ஆனியிலிருந்து புரட்டாதி வரை மண்சட்டியில் நிலத்தோடு பதித்துத் தண்ணீர் வைக்கிறேன், ஓணானும் சிறு குருவியும் மூழ்காமல் இருக்க அதற்குள் ஒரு கல்.

பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். காடாக இருந்தபோது எனக்குப் பாம்பால் தொல்லை வரவில்லை. பெக்கோ ஓடிய மறுமாதம்தான், ஒதுங்க இடமிழந்த புடையன் ஒன்று கிணற்றடிக் கல்லுக்குள் வந்து தங்கியது. கூகை இருந்த பனைகள் விழுந்த ஆண்டு வளவுக்குள் எலி பெருகியது, எலியின் பின்னால் பாம்பு வந்தது. இப்போது வீட்டைச் சுற்றி 20 அடிக்குப் புல்லைக் குட்டையாக வைத்திருக்கிறேன், விறகையும் கல்லையும் சுவரோடு குவிப்பதில்லை, இரவில் விளக்கும் மூடிய செருப்பும் இல்லாமல் இறங்குவதில்லை. கடித்துவிட்டால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வேட்டை வேறொரு தலைவலி. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து இளைஞர் நாய்களோடு உடும்புக்கும் முயலுக்கும் வருவார்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி உடும்பைக் கொல்வது குற்றம் என்று முதலில் அதட்டினேன். நான் தனிப் பெண் என்பதால் சிரித்துவிட்டுப் போய் மறுவாரமும் வந்தார்கள். ஒருநாள் அவர்களுள் ஒருவனின் தாய் என்னிடம் படித்தவள் என்று அறிந்து, வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்தபடி அந்தக் கவுதாரி முட்டைகளின் கதையைச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அதன் பின் அவன் வரவில்லை, மற்றவர்களும் மெல்ல நின்றார்கள். சட்டம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தனியாக இருப்பவர் வேட்டைக்காரரை வளவுக்குள் மறித்து வாக்குவாதப்படுவது ஆபத்து, வீட்டு வழியாகப் போவதே பலன் தந்தது.

கணக்கைக் கூட்டினால் மதில் 11 இலட்சம், பெக்கோ 38,500, டிப்பர் 16,000, அதோடு மேலே சொன்ன கன்று, தண்ணீர், பாதீனியம், பொட்டு எல்லாம் சேர்த்து 13 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். உண்மையில் எனக்குத் தேவைப்பட்டது வீட்டுக்கு மூன்று பரப்பும், போக வர ஒரு பாதையும், ஒரு வேலியும் மட்டுமே. கத்தியோடு இரண்டு ஆட்கள் பத்து நாளில் முடித்திருப்பார்கள்.

இப்போது வடக்குப் பாதியை மூன்று பங்காக்கி, ஆண்டுக்கு ஒரு பங்கில் மட்டும் தை கடந்து புல் முற்றியபின் கையால் அறுக்கிறேன். ஒன்றும் செய்யாமல் விட்ட ஓராண்டில் இப்பிலிப்பிலும் நாயுண்ணியும் புகுந்து புல்லை மூடத் தொடங்கின, முழுவதையும் அறுத்திருந்தால் ஒதுங்க இடம் இருந்திருக்காது. அறுத்த பங்கில் மாமியின் இரண்டு பசுக்களை ஒரு மாதம் கட்டிவிடுகிறோம், ஆடுகளை விடுவதில்லை, அவை இலந்தைக் குருத்தையும் விடாது. மாமிக்குப் பால், எனக்கு அறுப்புக்கூலி மிச்சம். அறுக்குமுன் நீண்ட தடியால் புல்லைத் தட்டியபடி ஒருமுறை நடந்து, பறவை எழும்பும் இடத்தில் ஒரு கம்பு நட்டு, சுற்றிப் பத்தடியை விட்டுவிடுகிறோம்.

மாமியின் மகன் போன மாதம் நோர்வேயிலிருந்து வந்து தங்கள் 16 பரப்பையும் வழிக்கப் பெக்கோவுக்கு முற்பணம் கொடுத்திருந்தான். என் கொப்பியை அவனிடம் கொடுத்து, விடிய ஐந்தரைக்கு இரண்டு கதிரைகளைப் போட்டேன். முதலில் என் பக்கத்து இலந்தையடியிலிருந்து கவுதாரி ஒன்று கூவியது, சற்று நேரத்தில் அவன் காணிக்குள்ளிருந்து மற்றொன்று மறுமொழி சொன்னது. ஒன்பதாவது பொட்டின் வழியே ஒரு முயல் காதைப் பின்னால் சாய்த்துக்கொண்டு அவன் பக்கம் போனது. முற்பணம் 10,000 ரூபாய் திரும்பக் கிடைக்காது என்று பெக்கோக்காரர் சொல்லிவிட்டார். அவன் வீடு வரும் நான்கு பரப்புக்கு மட்டும் கயிறு பிடித்து அளந்துவிட்டு, மிச்சத்தை அடுத்த ஆண்டு வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறான். அவனுக்கும் ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கி மாமியிடம் கொடுத்திருக்கிறேன்.